தாருசிலாவின் பொறுப்பாளர்

கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, "இவங்க பேரு என்னக்கா?" என்று கேட்டாள். "இவங்க" எனப்பட்டவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நீல உடையில், மடியில் கைப்பையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, வரி எண் அட்டை, ஃபாக்டரி கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் அவளே எடுத்து மேஜைமேல் பரப்பியிருந்தாள். எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது.

"அவளையே கேளு. உன் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. மெதுவாச் சொன்னாப் போதும்" என்றேன்.

அந்தப் பெண் மெதுவாக என்பதைச் சத்தமாக என்று எடுத்துக்கொண்டாள். தாருசிலாவின் பக்கம் திரும்பி, "உங்க... பேரு?" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாருசிலா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் சான்றிதழில் தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, இவளுக்குப் படிக்கத் தெரியாதா என்று கையால் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அந்த பேங்க்கில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் இருவரும் இந்தத் தீவின் லவுத்தோகா நகரில் ஒரே தையல் ஃபாக்டரியில் வேலை செய்கிறோம். ரக்பி ஜெர்சிகளும் பள்ளிச் சீருடைகளும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் காலர் வைப்பேன். அவள் எனக்கு அடுத்த மெஷினில் தோள் மூட்டுவாள். மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கூடத்தில் யாருக்கும் காது கிடையாது. நூல் தீர்ந்ததா, சூப்பர்வைசர் வருகிறாரா, மத்தியானத்துக்கு என்ன கொண்டுவந்தாய், எல்லாம் கை ஜாடைதான். மற்றவர்கள் எல்லாரும் தட்டுத் தடுமாறி ஜாடை காட்டும் இடத்தில் அவள் ஒருத்திதான் தன் வீட்டில் நடப்பதுபோல் சரளமாகப் பேசுவாள். காது கேளாதோர் பள்ளியில் கற்ற மொழி அது. அவள் சொல்லும் வம்புகள் புரியாமல் போய்விடக் கூடாதே என்றுதான் நான் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். வருஷங்கள் போகப் போக, வீட்டில் என் வீட்டுக்காரரிடம் பேசும்போதுகூட என் கைகள் தாமாக எழுந்துகொள்ளும். "ஏன் ஈ ஓட்டற?" என்று அவர் கேலி செய்வார்.

அந்தக் கரும்பு சீசனில்தான் ஃபாக்டரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனிமேல் வெள்ளிக்கிழமை சம்பளக் கவர் கிடையாது, சம்பளம் பேங்க் கணக்குக்கே போய்விடும், மாதக் கடைசிக்குள் எல்லாரும் கணக்கு எண் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் லீவு போடும் தொந்தரவு, அவ்வளவுதான். தாருசிலா அந்த அறிவிப்பின் முன் நெடுநேரம் நின்றாள். சூப்பர்வைசர் அவளைத் தாண்டிப் போகும்போது என்னிடம், "இவளுக்கு என்ன கவலை? அண்ணன் கணக்கு இருக்கே, அதுல போட்டுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னார். அவர் உதடு அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு செமி என்று ஒருவன் இருந்தான். பா ஊரில் மரச்சாமான் பட்டறையில் வேலை. அவனுக்கும் காது கேட்காது. காது கேளாதோர் விளையாட்டுப் போட்டியில் பழக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, ஒரு கையால் மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி மறு கையால் அவனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பாள். முந்திய வருஷம் அவன் சித்தப்பா முறைப்படி திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு வந்து அவள் அண்ணன் அபெனிசாவின் முன்னால் உட்கார்ந்து பெண் கேட்டார். அபெனிசா மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். விருந்தாளிகளுக்குத் தரும் யகோனா வேர்ப் பானம் கரைத்துக் கொடுத்தார். சம்மதத்துக்கு அடையாளமாகக் கையில் வாங்க வேண்டிய பல்லை மட்டும் தொடவில்லை. வந்தவர்கள் அதை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் தானாகவே போய்விடுவது என்று முடிவெடுத்தாள். பட்டறை முதலாளி வீட்டின் பின்னால் ஒரு அறை காலியாகிறது. அங்கே ஒரு தையல் கடையில் ஆள் தேவைப்படுகிறது. அதுவரை சம்பளம் தன் பேரில் சேர வேண்டும். அண்ணன் கணக்குக்குப் போனால், தன் காசை அண்ணனிடம் கைநீட்டிக் கேட்டு வாங்கி, அண்ணனை விட்டுப் போக வேண்டும். "அது எப்படி முடியும்? அவன் முகத்தைப் பார்த்துட்டு என்னால கேக்க முடியாது" என்றாள். அவள் யாரிடமும் சொல்லாமல் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பேங்க்குக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

கவுன்ட்டர் பெண் தாள்களை எல்லாம் சரிபார்த்தாள். குறை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். "நிபந்தனையெல்லாம் வாசிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேக்கணும். அவங்க ஆமான்னு சொல்லணும். அப்புறம் போன் பண்ணி ஒரு தடவை சரிபார்ப்பாங்க..." என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.

மேனேஜர் வந்தார். நரைத்த தலை, பூப்போட்ட சட்டை, இடுப்பில் வேட்டிபோல் சுற்றிய சுலு, பளபளக்கும் செருப்பு. கண்ணில் உண்மையாகவே கனிவு இருந்தது. கடுகடுப்பானவராக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கடுகடுத்து மனம் ஆறியிருப்பேன். அவர் தாருசிலாவைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் புன்னகைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்க சொந்தமாம்மா?"

"கூட வேலை செய்யறேன்."

"வீட்டுல பெரியவங்க யாரு இருக்காங்க?"

"அண்ணன் இருக்கார். ஆனா இவளுக்கு முப்பது வயசுக்கு மேல ஆச்சு சார். சம்பாதிக்கிறா, ஓட்டுப் போடறா, இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும். நிபந்தனையைக் கையில கொடுத்தீங்கன்னா படிச்சுக்குவா."

தாருசிலா என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கே கிடந்த பணம் கட்டும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி அவர் முன் தள்ளினாள். எனக்குப் படிக்கத் தெரியும், எனக்குப் புரியும், தயவுசெய்து என்னிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தாள். அவர் அதை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, என்ன அழகான கையெழுத்து! எங்க வீட்டுல காது நல்லாக் கேக்கற பிள்ளைங்க எழுதறதைப் பார்த்தா கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்று சொல்லி, சீட்டைக் கவுன்ட்டர் பெண்ணிடமும் காட்டினார். பிறகு அதை தாருசிலாவிடமே கொடுத்து அவள் தோளில் லேசாகத் தட்டினார்.

என்ன சொன்னார் என்று அவள் என்னைக் கேட்டாள். உன் கையெழுத்து அழகாக இருக்கிறதாம் என்றேன். வேறு என்ன என்றாள். வேறு எதுவும் இல்லை.

மேனேஜர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் பேசினார். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டாரோ என்னவோ. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இவங்களை மாதிரி இருக்கறவங்களை யாராவது ஏமாத்தி எழுதி வாங்கிட்டா நாளைக்கு பேங்க்தான் பதில் சொல்லணும். தனியா இவங்க பேருல கணக்குத் தர முடியாது. பொறுப்பாளர்னு ஒருத்தர் வரணும். ரத்த சொந்தமா இருக்கணும். அண்ணன் இருக்காருல்ல, அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"இது சட்டமா சார்?"

"சட்டம்னு இல்லம்மா. இங்க இப்படித்தான் செய்யறோம்." அவர் நிமிர்ந்தார். "நீங்களே அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடுங்க."

அவள் என் கைகளைப் பார்த்தபடி காத்திருந்தாள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ அது என் கைகளிலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்றாள். நீ ஏமாந்துவிடுவாயாம் என்றேன். சரி, என்ன செய்ய வேண்டுமாம் என்றாள். பொறுப்பாளர் என்பதற்கு எங்களிடம் ஜாடை இல்லை. அத்தனை வருஷத்தில் எங்கள் பேச்சில் அந்த வார்த்தை வந்ததே கிடையாது. பள்ளியில் ஏதாவது இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் யோசித்தேன். அதை வேறு மாதிரி வளைத்துச் சொல்லியிருக்கலாம். அண்ணனையும் அழைத்து வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லி விட்டிருக்கலாம். ஆனால் அவள் தன் வாயாக என்னைக் கூட்டி வந்திருந்தாள். ஒரு வாய் தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பெரிய கை ஒரு சின்னக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல் செய்து காட்டினேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். யார் அந்தக் குழந்தை என்று கேட்டாள்.

நான் அவளைச் சுட்டிக்காட்டினேன்.

மேனேஜர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே நின்றார். புரிஞ்சுக்கிட்டாங்களா என்று கேட்டார். புரிஞ்சுது சார் என்றேன்.

வெளியே வந்து மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த மரநிழலில் உட்கார்ந்தோம். சர்க்கரை மில்லிலிருந்து கரும்புக் கரி மெல்லிசாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளது நீல உடையின் தோளில் அது விழுந்தபோது அவள் தட்டிவிடவில்லை. ரொட்டிப் பொட்டலம் இரண்டு வாங்கி வந்து ஒன்றை அவள் மடியில் வைத்தேன். அவள் பிரிக்கவே இல்லை. நெடுநேரம் கழித்து, "நீ அவர்கிட்ட சரியாச் சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொன்னேனே. நீயே பார்த்தியே."

"உன் வாய் வேகமா அசைஞ்சுது. எனக்குப் பாதிதான் பிடிபட்டுது. அண்ணன் இருக்கார்னு நீதான் சொன்ன. அதுக்கப்புறம்தான் அவர் அண்ணனைக் கேட்டார்."

"அவர்தான் முதல்ல கேட்டார், வீட்டுல யாரு இருக்காங்கன்னு."

"நீ யாரும் இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம்தான். அது எனக்குத் தோன்றவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வழியாகவே உலகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு எப்போதோ ஒரு தரம் வந்துதான் தீரும் சந்தேகம் அது. நான் கோபப்படவில்லை. என் ரொட்டியை மறுபடி பொட்டலத்திலேயே சுற்றி வைத்தேன். பிறகு அவளே என் முழங்காலைத் தொட்டாள். "வீட்டுக்கு வா. நீயே அண்ணன்கிட்டச் சொல்லு. எனக்காகப் பேசு" என்றாள்.

அபெனிசாவின் வீடு ஊருக்கு வெளியே, கரும்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தகரச் சுவர் வைத்த வீடுகளில் ஒன்று. நாங்கள் போனபோது அவர் வாசலில் மீன்வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. பெரிய உடம்பு. இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார்.

"வாங்க சுமிந்த்ரா அக்கா, உக்காருங்க. சாப்பிடுங்க" என்று பாயை விரித்தார். சாப்பிட்டாயிற்று என்றால் அவர் விடமாட்டார். தேங்காய்ப் பாலில் வெந்த கீரையும் கிழங்கும் வந்தன. தாருசிலா கைகளால் சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன். பேங்க், கணக்கு, மேனேஜர், பொறுப்பாளர். பா ஊர் அறையைப் பற்றியும் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம்தான் பேசினார். தங்கையோடு அவருக்கு இருந்த மொழி சாப்பிடு, வா, தூங்கு, ஜாக்கிரதை என்ற நான்கைந்து ஜாடைகள்தான். இத்தனை வருஷம் அதிலேயே ஓடிவிட்டது.

"இவளுக்கு என்னக்கா குறை வெச்சேன்? கேளுங்க, இவ சம்பளத்துல ஒரு காசு தொட்டிருக்கேனா?"

"அவ அப்படிச் சொல்லலையே தம்பி."

"அந்தத் தண்டவாளம் தெரியுதா?" அவர் தெருப்பக்கம் கையை நீட்டினார். "இவ சின்னப் பொண்ணு. சிலேட்டைக் கையில வெச்சுக்கிட்டு நடுத் தண்டவாளத்துல நடந்து போறா. பின்னால கரும்பு வண்டி ஊதிக்கிட்டே வருது. ஊரே கத்துது. அம்மா கத்தறா. இவ குனிஞ்சு கூழாங்கல்லு பொறுக்கிக்கிட்டிருக்கா. நான் ஓடிப்போய் இழுத்துப் போட்டேன். என் காலு மாட்டிக்கிச்சு. போனாப் போகுது, காலுதானே. ஆனா அன்னையிலருந்து ஒரு நாளாச்சும் நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேனான்னு கேளுங்க. எங்க வண்டி ஊதினாலும் இவ எங்க இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன்."

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அண்ணன் தூங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் நல்லவன்தான். நான் இல்லன்னு சொல்லலை" என்றார் அபெனிசா. "ஆனா ரெண்டு பேருக்கும் காது கேக்காது. ராத்திரி குழந்தை அழுதா யாரு எந்திரிப்பா? வீடு பத்திக்கிச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரன் கத்தினா யாருக்குக் கேக்கும்?"

இதை அவர் உதட்டிலிருந்தே அவள் பிடித்துவிட்டாள். என் உதவியில்லாமல் நேராக அவரைப் பார்த்துக் கைகளை ஆட்டினாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். "குழந்தையை என் நெஞ்சு மேல போட்டுக்கிட்டுத் தூங்குவேன். அழுதா எனக்குத் தெரியும். உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எனக்குக் குழந்தை இல்லை. அந்த வார்த்தைகளை நான் என் வாயால் சொல்லிப் பார்த்ததே கிடையாது.

அபெனிசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி. பேங்க்குக்கு நான் வரேன். கையெழுத்துதானே, போட்டுட்டு வரேன். அவ காசு, அவ வெச்சுக்கட்டும்" என்றார். அதை நான் சொன்னதும் தாருசிலா எழுந்து போய் அண்ணனின் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள்.

ஆகவே இரண்டாம் முறை பேங்க்குக்கு மூன்று பேராகப் போனோம். அவர் இஸ்திரி போட்ட சுலு கட்டி வந்திருந்தார். மேனேஜர் இந்த முறை வாசல்வரை வந்து கைகுலுக்கினார். எந்த ஊர், அம்மா எந்த ஊர் என்று விசாரிப்பு ஆரம்பமானது. மேனேஜரின் பெரியம்மாவைக் கண்டாவுத் தீவில் அபெனிசாவின் அம்மா பிறந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். அப்படிச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டதில் இருவரும் மச்சான் முறை ஆகிவிட்டது. முறை தெரிந்துவிட்டால் பிறகு கேலிக்குக் கேட்க வேண்டுமா?

"மச்சானா நீ? அதான் பார்த்தேன், வாசல்ல நுழையறப்பவே மீன் வாசனை வந்துச்சு" என்றார் மேனேஜர்.

"உங்க ஊர்க்காரனுக்கு வாசனையோட சரி. மீனைப் பிடிக்க எங்களைத்தானே கூப்பிடுவீங்க" என்றார் அபெனிசா.

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கவுன்ட்டர் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாள்களை நிரப்பினாள். அபெனிசாவின் பிறந்த தேதி, அபெனிசாவின் வேலை, அபெனிசாவின் போன் எண். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தாருசிலா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய சிரிப்பு எதற்கென்று என்னைக் கேட்டாள். சொன்னேன். கையால் சொல்லும்போது அது வேடிக்கையாக இல்லை. முன்பு அவள் கொண்டுவந்த அதே தாள்கள் மேஜை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. கடைசியில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பெண் காட்டினாள். அபெனிசா போட்டார். தாருசிலா பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

"இவங்க போட வேண்டியதில்ல. பணம் எடுக்கப் பொறுப்பாளர் கையெழுத்து இருந்தாப் போதும். இவங்க பேரும் பக்கத்துல இருக்கும்" என்றார் மேனேஜர்.

அபெனிசா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. "அவ காசை அவளே எடுக்க முடியாதா மச்சான்?" என்று கேட்டார்.

"நீ கூட வந்தா எடுக்கலாம். எதுக்கு அவளை அலைய விடற? நீயே வா, நம்ம ரெண்டு பேரும் பேசிட்டிருக்கலாம்."

நீட்டிய கையை மடக்கிக்கொள்ளாமல் அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் யோசிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் எழுந்தாள். மேஜை ஓரத்தில் கிடந்த தன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தாள். மேனேஜருக்குத் தலையசைத்து வணக்கம் சொன்னாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்துவிட்டாள்.

நடைபாதையில் அபெனிசா காலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்து அவளைப் பிடித்தார். "நான் என்னக்கா தப்புப் பண்ணேன்? கூப்பிட்டா, வந்தேன். போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் பேசினாள். ஒரு கையால் பேசுவது திக்கித் திக்கிப் பேசுவதுபோல. நான் அதை அப்படியே சொன்னேன்.

"நீ நல்லவன். உன் மேல கோபம் இல்ல. ஆனா அங்க எல்லாரும் இருந்தாங்க. நான் மட்டும் இல்ல."

அபெனிசா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதக் கடைசி வந்தது. ஃபாக்டரிக்கு அவள் கணக்கு எண் கொடுக்கவில்லை. வேறு பேங்க்குக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். காது கேளாதோர் சங்கத்தில் சொல்லி ஒரு மனு எழுதலாம் என்றும் சொன்னேன். இரண்டையும் செய்தோம். அடுத்த பேங்க்கில் இளவட்ட அதிகாரி ஒருவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார். மனுவுக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஃபாக்டரிக்குப் பரிசீலனை தெரியாது. அவளைக் கேட்காமலே சூப்பர்வைசர் அவள் சம்பளத்தை அண்ணன் கணக்கில் போட ஏற்பாடு செய்துவிட்டார். வேலையை விட்டு நிறுத்துவதைவிட இது மேல் என்றார். அதுவும் கனிவுதான்.

அபெனிசா வெள்ளிக்கிழமைதோறும் ஃபாக்டரி வாசலுக்கு வருவார். சம்பளத்தை அப்படியே எடுத்து, பழைய கவர் மாதிரியே ஒரு கவரில் போட்டு, மேலே அவள் பெயரைத் தன் கோணல் எழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். அவள் வாங்கிக்கொள்வாள். பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் கவர் அண்ணன் கையிலிருந்து வந்துகொண்டிருக்கும்வரை, அவரிடம் வாங்கிய காசோடுதான், அவர் முகத்தைப் பார்த்து, அவரை விட்டுப் போக வேண்டியிருந்தது. அதைத்தான் தன்னால் முடியாது என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். வாரங்கள் போயின. பா ஊர் அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். தையல் கடையிலும் ஆள் எடுத்துவிட்டார்கள். மத்தியானத்தில் தண்ணீர்க் குடத்தில் சாய்ந்திருக்கும் போனில் பேச்சு குறைந்தது. சில நாள் அவள் கிழங்கை மட்டும் தின்றுவிட்டு, நேரம் முடிவதற்கு முன்பே மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

என்னிடம் அவள் பேசாமல் இல்லை. ஆனால் எங்கேயும் எனக்காகப் பேசு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மருந்துக்கடைக்கும் தபால் ஆபீசுக்கும் தனியாகவே போய்வந்தாள்.

சீசன் முடிந்து மில் ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடித்து பஸ் நிலையத்துக்கு வந்தேன். சாய்ந்த வெயில். பா பஸ் நிற்கும் இடத்தில் சின்னதாக ஒரு கூட்டம் வட்டமாக நின்றுகொண்டிருந்தது. நடுவில் தாருசிலாவும் செமியும். அவன் அன்று வருகிறான் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. இருவர் கைகளும் காற்றை வெட்டுவதுபோல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. சண்டை. காது கேட்கிறவர்கள் சண்டை போட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம், ஓரமாகப் போய்க் கிசுகிசுக்கலாம். அவர்களுக்கு அது கிடையாது. வேர்க்கடலை விற்பவன், மூட்டையோடு நின்ற பெண்கள், டிரைவர், எல்லாரும் ஏதோ நடனம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னவாம் இவங்களுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரில் என் ஒருத்திக்குத்தான் அந்தப் பேச்சு விளங்கும்.

அவன் கை "இன்னும் எவ்வளவு நாள்" என்று கேட்டதைப் பார்த்துவிட்டேன். அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கினாள். நான் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

பஸ் உறுமிப் புறப்படத் தயாரானது. ஏறுங்க ஏறுங்க என்று யாரோ கத்தினார்கள். வெயில் என் பின்னாலிருந்து விழுந்துகொண்டிருந்தது. குனிந்த என் கண்ணுக்கு முன்னால், சிமென்ட் தரையில், இரண்டு நீண்ட நிழல்களின் கைகள் எழுந்து தாழ்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, மறுபடி பிரிந்து பேசிக்கொண்டிருந்தன. நான் கண்களை மூடிக்கொண்டேன்.